சாம்பல் தொட்டுப் பிணைத்த கம்பி

ட்ரிப் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் ஆளை எண்ணாமல் வண்டியை எடுத்ததே கிடையாது. இருபத்தாறு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். டீக்கடையில் நிறுத்தினாலும் சரி, கோயில் வாசலில் நிறுத்தினாலும் சரி, திரும்பக் கிளம்புமுன் டிரைவர் கதவுப் பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பார். பிறகு ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி எண்ணுவார். பதினான்கு வந்ததும், "ஆள் சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். அந்தப் பதினான்கில் நான் இருந்ததில்லை.

ஒரே ஒரு தடவை இருக்கப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மனசிலேயே வைத்துக்கொண்டு என்ன செய்ய. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராமேஸ்வரம் ட்ரிப். ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் ஒரு சீட்டு காலி. நான் அவசர அவசரமாகப் பையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கிளம்புகிற நேரத்தில், வரவில்லை என்ற அந்தப் புண்ணியவான் ஆட்டோவில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் எண்ணினார். பதினைந்து வந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் பதினைந்து. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நானே பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் ராமேஸ்வரம் போய்த் திரும்பி வந்த பிறகும் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், போகத்தான் நேரம் பிடிக்கும்.

நான் பட்டு நெய்கிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறியில்தான் இருக்கிறேன். இன்றைக்கும் என் தறி காலியாக இருந்ததில்லை, ஒரு சேலை முடிந்தால் அடுத்ததற்கு ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஊர் பார்க்கப் போகவில்லையே என்று மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ஆசை இருந்தது. அந்த வேனில், அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எங்கேயாவது போக வேண்டும் என்கிற ஆசை நன்றாகவே இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆள் நிறைந்த வண்டியோடு வரும்போது அவருக்குக் கண் சொருகிவிட்டது. ஒரு நொடிதான். வண்டி ரோட்டோரத்து மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்தவர் சாவியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லை என்று சொல்லி, மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு மூச்சு மிஷின் எழுதிக் கொடுத்தார்.

அந்த மிஷினின் குழாய் மூக்கிலிருந்து வளைந்து தலைமாட்டுக்குப் போகும். முதல் நாள் மாட்டிக்கொண்டு படுத்தவரைப் பார்த்து, "புள்ளையாரப்பா, கொழுக்கட்டை வேணுமா?" என்றேன். அவர் குழாய்க்குள்ளேயே சிரித்தார். ஆனால் பத்து நாளில் ஆள் தேறிவிட்டார். அதற்கு முன் சாப்பிடும்போதே தூங்கி விழுந்தவர், காலையில் எழுந்து பாட்டுப் பாட ஆரம்பித்தார். இனிமேல் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். ஒரே ஒரு கண்டிஷன்: ஒரு நாள்கூட மிஷின் இல்லாமல் தூங்கக் கூடாது, தூங்கினால் மறுநாள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

மிஷினுக்கோ விடிய விடியக் கரண்ட் வேண்டும். அங்கேதான் வந்தது வினை. ஒரு தடவை தைரியமாகத் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போய் லாட்ஜில் தங்கினோம். கரண்ட் போய்விட்டது. மிஷின் நின்றது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு விடிகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார். ஊருக்குத் திரும்பியதும், "இனிமே என்னால வெளியூர்ல தங்க முடியாதுமா. வேணும்னா நீ யாரோடயாவது போய்ட்டு வா" என்றார். யாரோடயாவது போவதற்கா நான் இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தேன்? வந்த கோபத்தில் அவருக்கு வைத்திருந்த காபியை நானே குடித்துவிட்டேன்.

ட்ரிப் எடுப்பதையே அவர் விட்டுவிட்டதால், வேன் தெருவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வேனுக்குள்ளேயே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, கடற்கரையில் நிறுத்தி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வண்டி ஓடும்போது இன்னொரு பேட்டரி சார்ஜ் ஆகிக்கொள்கிறது, வண்டி நின்ற பிறகு அதிலிருந்து எல்லாம் ஓடுகிறது. தறியைவிட்டு எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கினேன். குழாயோடு எழுந்து உட்கார்ந்தார்.

"நம்மகிட்ட வண்டி இருக்குது. உங்ககிட்ட மிஷின் இருக்குது. நடுவுல ஒரு பேட்டரிதான் இல்ல" என்றேன்.

அவருக்கு நம்பிக்கையில்லை. சொல்லப்போனால், பயம். ஏற்கெனவே வேனை வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் அவருக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. என் வூட்டுக்காரி ஒரு வேல சொல்லிகினு இருக்காங்க. அது நடக்கலன்னா வண்டி உங்களுது" என்று சொல்லிவிட்டார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய்தா கிடைத்ததே என்று பேசாமல் இருந்தேன். கையில் பத்து நாள் இருந்தது.

ஐயம்பேட்டையில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிற ஒருவர் இருக்கிறார். நாற்பது வயசிருக்கும். அவர் அம்மாவும் நெசவு, அப்பாவும் நெசவு, இவர் மட்டும் கம்பிப் பக்கம் போய்விட்டார். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை யக்கா என்பார். பேட்டரியையும் சார்ஜர் பெட்டியையும் கொண்டுவந்து எங்கள் தெருவில் இறக்கி வைத்தார். பேட்டரிக்கும் பேட்டரிக்கும் நேராக ஒரு வயரைக் கொடுத்தால் போதாதா, நடுவில் இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டேன்.

"யக்கா, இன்ஜின் பேட்டரி மாமியார் வூடு. ரெண்டாவது பேட்டரி தனிக்குடித்தனம். நேரா வழி வுட்டா இன்னா ஆவும்? தனிக்குடித்தனம் போனவங்க மாமியார் வூட்டு அரிசியையும் சேத்துப் பொங்கித் தின்னுட்டு ஒக்காந்துகினு இருப்பாங்க. காலைல வண்டி ஸ்டார்ட் ஆவாது. இந்தப் பொட்டி நடுவுல நிக்கிற பெரிய மனுஷன். மாமியார் வூட்ல ஒல பொங்கும்போது மட்டும், அதாவது இன்ஜின் ஓடும்போது மட்டும், அளந்து இந்தப் பக்கம் குடுக்கும். இன்ஜின் நின்னா கதவச் சாத்திடும்."

இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த டாக்டரும் எதையும் சொன்னதில்லை.

வேலை நன்றாகத்தான் நடந்தது. சீட்டுகளைக் கழற்றினோம். ஜன்னல் ஓரத்தில் அந்த ஒரு சீட்டை மட்டும் கழற்ற நான் விடவில்லை. தறிமரம் செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டுக் கட்டில் போடச் சொன்னோம். மனுஷன் தறிக்குப் போடுகிற மாதிரியே கால் தடிமனில் மரம் போட்டு இறுக்கிவிட்டார். அந்தக் கட்டில் மேல் யானை படுக்கலாம். ஆனால் பேட்டரி வைக்கலாம் என்றிருந்த இடத்தில் கட்டில் கால் வந்து நின்றுவிட்டது. பேட்டரியும் பெட்டியும் வண்டியின் பின்கோடிக்குப் போயின. முன்னாலிருந்து இழுத்து வந்த சிவப்பு வயருக்கு இரண்டடி நீளம் போதவில்லை.

வயரிங்கார தம்பி தலையைச் சொறிந்தார். "இது ஒட்டுப்போடற வயர் கெடையாதுக்கா. ஒரே வயரா இழுக்கணும். சென்னையிலேந்து திங்கக்கெழம எட்தாரேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லி, பியூஸைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் திங்கட்கிழமை வந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

அவர் விட்டுப்போன மிச்ச வயர் ஒரு துண்டு வண்டியிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அதை எடுத்து முனையில் ரப்பரை உரித்தேன். சுண்டுவிரல் தடிமன் வயர், உள்ளே ஒரே கம்பியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் உள்ளே நூல். தலைமுடியைப் போல மெல்லிய செம்பு இழைகள், எண்ண முடியாத அளவுக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏதோ சொந்தக்காரரை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில், தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு தீரும்போது புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு சேர்த்து விரலால் திரித்துவிடுவோம். முடிச்சே கிடையாது, திரிப்புதான். அதற்குப் பிணைத்தல் என்று பேர். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட விட்டுப்போகாது. பட்டு வழுக்கும் என்பதால், விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு திரிப்போம். சாம்பல் பட்டால் இரண்டு இழையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். நான் பிணைத்த பாவில் இழை விட்டது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டடி வயர் எனக்கு ஒரு பொருட்டா?

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் சாம்பலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செம்பு இழையாகப் பிரித்து, சாம்பல் தொட்டுத் தொட்டு, இந்த முனைக்கு அந்த முனை ஜோடி சேர்த்துத் திரித்தேன். காலையில் உட்கார்ந்தவள் சோற்று வேளைக்குத்தான் எழுந்தேன். நடுவில் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, பாவு பிணைக்கிறியா?"

"ஆமா. நீங்க போய் சாம்பார தாளிங்க" என்றேன்.

முடித்ததும் கறுப்பு டேப்பை மேலே இறுக்கிச் சுற்றி, துண்டின் மறுமுனையைப் பெட்டியில் செருகித் திருகினேன். இழுத்துப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. பெருமையில் எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் ஒரு பையில் நாலு சேலையும் அவருக்கு நாலு வேட்டி சட்டையும் வைத்துக் கட்டி, கட்டிலுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் பியூஸை மாட்டி இன்ஜினைப் போட்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் கைதட்டினேன். பத்துகூட எண்ணியிருக்கமாட்டேன், விளக்கு சிவப்பாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பச்சை. மறுபடி சிவப்பு. இப்படியே மாறி மாறிக் கண்ணடித்துக்கொண்டிருந்ததே தவிர, பேட்டரியில் ஏறியதாகத் தெரியவில்லை. பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற சின்னத் திரையில் எண் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தார். "சரி வுடுமா. அந்த மனுஷன் வந்து எட்துகினு போகட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு முன்னமே தெரிந்த மாதிரி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் எனக்கு யாரையாவது திட்ட வேண்டும். வயரிங்கார தம்பிக்குப் போன் போட்டேன்.

"இன்னா பொட்டி குடுத்துகிற நீ? பச்ச எரியுது, செவப்பு எரியுது, திருவிழா சீரியல் பல்பு மாதிரி. நல்ல பொட்டியா பாத்துக் குடுக்க மாட்டியா? நம்பித்தானே குடுத்தோம்?"

 அவர் மெதுவாகக் கேட்டார். "யக்கா, நான்தான் பொட்டிக்கு இன்னும் வயரே குடுக்கலியே. அது எப்டி எரியுது?"

நான் போனை வைத்துவிட்டேன்.

என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ரப்பர் கருகுகிற வாசனை லேசாக வந்தது. என் பிணைப்பின் மேல் விரலை வைத்தேன். அடுப்பில் இருக்கும் வாணலியைத் தொட்ட மாதிரி சுட்டது. இழை திரிக்கிற அதே விரல். "இன்ஜின நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் நிறுத்திவிட்டு ஓடி வந்து பியூஸைப் பிடுங்கினார். பெட்டியில் கோளாறு இல்லை, என் கையில்தான் கோளாறு என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன கோளாறு என்றுதான் தெரியவில்லை. அவர் என் விரலை ஊதிக்கொண்டே, "ஐயம்பேட்டைக்குப் போவோம். ஏறு" என்றார். அது ட்ரிப் இல்லை, ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற ஓட்டம். அவர் ஆளை எண்ணவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

வயரிங்கார தம்பி கட்டிலுக்கு அடியில் படுத்து டேப்பைப் பிரித்தார். வெளியே வந்தபோது உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். சாம்பல்.

"யக்கா, இது இன்னா?"

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பிணைச்சிருக்கியாக்கா? சாம்பல் தொட்டு?"

"பின்ன எத்தத் தொடுவாங்க?" என்றேன்.

அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். அவர் நாலு வருஷமாக அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு முதலில் பொசுக்கென்று கோபம் வந்தது, பிறகு எனக்கே அடக்க முடியவில்லை.

"யக்கா, பட்டு வழுக்கக் கூடாது, அதுக்குத்தான் சாம்பல். கரண்ட்டு வழுக்கிகினு போவணும்கா. நீ அத்த ஒவ்வொரு இழைக்கும் கைய புடிச்சி நிறுத்திகிற. பொட்டி கரண்ட்ட இழுக்குது, இங்க வழி இல்ல, சூடாவுது. வயர்ல வேகம் கொறையுது. மாமியார் வூட்ல ஒல எறங்கிடுச்சின்னு நெனச்சி பொட்டி கதவச் சாத்துது. சாத்தனதும் திரும்ப வேகம் வருது, தொறக்குது. நாள் பூரா இதான் நடந்துகினு இருக்கும்." பிறகு முகம் மாறியது. "நல்ல வேள, வாசன புடிச்சி நிறுத்துனீங்க. பத்திகினு எரிஞ்சிருக்கும். இனிமே இந்த வேல பண்ணாதக்கா."

சரி என்றேன். 

அவர் பிணைப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. காலை வைத்து இழுத்தார். அப்படியும் வரவில்லை. "எங்கம்மா பாத்தா கண்ணுல ஒத்திக்குவாங்க" என்று முணுமுணுத்துவிட்டு வெட்டி எடுத்தார். அந்தத் துண்டைத் தூக்கிப் போடவில்லை. ஒர்க்‌ஷாப் சுவரில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டார்.

என் நிலைமையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆள் வருகிறார் என்றேன். ஒரு நொடி யோசித்தார். ரிப்பேருக்கு வந்து நின்ற இன்னொரு வேலையை ஓரமாக வைத்துவிட்டு, வாலாஜாபாத்தில் தெரிந்த கடைக்காரருக்குப் போன் செய்து, முன்னாலிருந்து பின்கோடி வரைக்கும் வருகிற மாதிரி ஒரே நீள வயரை ஷேர் ஆட்டோவில் போட்டு வரவழைத்தார். அதை ஏன் வியாழக்கிழமையே செய்யவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லியேக்கா. திங்கக்கெழமன்னேன், சரின்னு தலைய ஆட்டுன."

அதுவும் உண்மைதான். திட்டுவதற்கு வாய் இருந்ததே தவிர, கேட்பதற்கு இல்லாமல் போய்விட்டது.

வயர் முனையில் ஒரு செம்புக் குழலைச் செருகி, பெரிய இடுக்கியால் நசுக்கினால் இழைகளும் குழலும் ஒரே கட்டியாகிவிடும். கடைசி முனையை நானே நசுக்குகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் அழுத்தினேன். அதற்கு முன் விரலைச் சேலையில் மூன்று தடவை துடைத்துக்கொண்டேன். தம்பி அதைப் பார்த்தார், சிரிக்கவில்லை. இன்ஜின் ஓடியது. பச்சை எரிந்தது. நான் எண்ணினேன். பத்து, இருபது, ஐம்பது, நூறு. பச்சை பச்சையாகவே இருந்தது. திரையில் எண் ஒன்று கூடியது.

பேட்டரியில் ஏற்றுவதற்காக அன்றைக்கு மத்தியானம் முழுக்க முசரவாக்கம் பக்கமும் வாலாஜாபாத் பக்கமும் சும்மாவே சுற்றினோம். கொய்யாப்பழம் வாங்கித் தின்றோம். ஆனாலும் அவர் அடிக்கடி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். "சார்ஜ் ஏறுதுமா, ஒத்துக்குறேன். ஆனா ஒரு தூக்கம் முழுக்க தாங்குமா?" என்றார். அதுதானே கேள்வி. தாங்காவிட்டால் இத்தனையும் வீண்.

அவர் டிரைவர். ராத்திரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கியே காலம் தள்ளியவர். எந்த வெயிலிலும் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு தென்னேரிக்குப் போய், ஏரிக்கரையில் மர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். எட்டு மணிக்கு மிஷினை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தார். நான் கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த எட்டு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று ஏரியைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நிறைந்திருந்தது. நாரை நின்றது. ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, குழாயோடு படுத்திருந்தவரைக் கண்டு, "ஆஸ்பத்திரி வண்டியாம்மா?" என்று கேட்டார். "இல்லமா, எங்க வூடு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. மிஷின் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவரும் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மூன்று மணிக்கு அவருடைய போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். வண்டி கேட்டவர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வரட்டுமா என்றார். திரையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. நன்றாகவே மேல் இருந்தது.

"வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க" என்று கிசுகிசுப்பாகச் சொன்னேன்.

"ஏம்மா, அவரு குடுக்கறேன்னாரே. போன அவருகிட்ட குடுங்க."

"அவரு தூங்கிகினு இருக்காருங்க. அதான் விக்கிறதுக்கு இல்ல."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நல்ல மனுஷர், சரிம்மா என்று வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்தார். முகத்திலிருந்து குழாயைக் கழற்றினார். சோம்பல் முறித்தார். கட்டிலிலிருந்து இறங்கித் திரைக்கு முன்னால் போய் நின்று எண்ணைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அப்புறம் திறந்த கதவு வழியாக ஏரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்த ஆளு போன் பண்ணாரா?"

"பண்ணாரு. இல்லன்னு சொல்லிட்டேன்."

"நான் எத்தினி மணி நேரம் தூங்குனேன்?"

"எட்டு."

ஏரித் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, "எங்க போலாம்?" என்றார். நாளைக்கு எங்கே என்றோ, ஒரு நாளைக்கு எங்கே என்றோ அவர் கேட்கவில்லை. நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து வெளியே வைத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷம் ஆனாலும் அது அதே பைதான்.

"ராமேஸ்வரம்" என்றேன்.

தறியில் புதுப் பாவு பிணைக்க வேண்டியிருந்தது. இருக்கட்டும், திரும்பி வந்து பிணைத்துக்கொள்ளலாம். நான் ஏறி ஜன்னல் ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் டிரைவர் கதவைத் திறந்தார். ஆனால் ஏறவில்லை. அங்கேயே நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு" என்றேன். 

அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி என் பக்கம் ஆட்டினார். "ஒண்ணு" என்றார்.  மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒன்றுதான் வந்தது.

"ஆள் சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.